அரிய வன்மரங்களில் கைவேலை: புதிதாகத் தொடங்குவோர் ரம்பத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

தச்சு வேலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவருக்கு, பைன், ரப்பர் மரம் போன்ற எளிய பலகைகளில் கை பழகியதும், ஈட்டி, கருங்காலி, மகோகனி ஆகியவற்றின் மீது கண் போவது இயல்பு. அவற்றின் நிறமும் எடையும் இழைப்புளிக்கு அடியில் அவை தரும் பளபளப்பும் வேறு எந்த மரத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் இவற்றில் பல, உலக அளவில் வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஒரு பலகை சட்டப்படி வந்ததா என்பதை அந்தப் பலகையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அது எந்த நாட்டில், யாருடைய அனுமதியின் பேரில், எந்த ஆண்டில் வெட்டப்பட்டது, எந்தெந்த எல்லைகளைத் தாண்டி வந்தது என்ற வரலாறுதான் அதை முடிவு செய்கிறது. அந்த வரலாறு மரத்தில் இல்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. பலகையைத் துண்டு போட்டு, இழைத்து, மெருகேற்றிய பிறகு காகிதத்தையும் மரத்தையும் மீண்டும் பொருத்திக் காட்டுவது மிகக் கடினம். ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள படிகளில் பெரும்பாலானவை மரத்தை அறுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியவை.

முதல் படி: எவ்வளவு மரம் தேவை என்று கணக்கிடுங்கள்

மரத்தைத் தேடிப் போவதற்கு முன் வரைபடத்தைப் போடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான கட்டை ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டு, பிறகு அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். அரிய மரத்தைப் பொறுத்தவரை அது தேவையற்ற செலவுக்கும் தேவையற்ற வெட்டுக்கும் வழிவகுக்கும்.

ஒரு சிறிய நகைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளிநீளம் 200 மி.மீ., அகலம் 120 மி.மீ., பக்கங்களின் உயரம் 80 மி.மீ., பலகையின் கனம் 10 மி.மீ. என்றால், இரண்டு நீளப் பக்கங்களுக்கு 320 கன சென்டிமீட்டரும், அவற்றுக்கு இடையே பொருந்தும் இரண்டு குறுக்குப் பக்கங்களுக்கு 160 கன சென்டிமீட்டரும், மூடிக்கு 240 கன சென்டிமீட்டரும் ஆக மொத்தம் 720 கன சென்டிமீட்டர் மரம் வேண்டும். அடிப்பலகையைப் பிளைவுட்டில் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பெட்டியை முழுவதும் ஈட்டியில் செய்தால் அத்தனையும் ஈட்டியாக இருக்க வேண்டும். மாறாக, பெட்டியைச் சாதாரண மரத்தில் செய்து, மூடியின் கைப்பிடியை மட்டும் 60 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம் கொண்ட ஈட்டித் துண்டில் செதுக்கினால், அதற்கு வேண்டியது 7.2 கன சென்டிமீட்டர்தான். அதாவது நூற்றில் ஒரு பங்கு. பெட்டியைக் கையில் எடுப்பவரின் விரல் முதலில் தொடுவதும் கண் முதலில் நிற்பதும் அந்தக் கைப்பிடியில்தான். வெளிர் நிற மரத்தில் கருமையான ஒரு துண்டு தரும் அழகு, முழுப் பெட்டியும் கருமையாக இருந்தால் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

எனவே புதியவர்களுக்கு ஏற்ற திட்டங்கள், அரிய மரம் ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டங்களே: பெட்டியின் கைப்பிடி, மூலை மூட்டுகளில் செருகும் மெல்லிய சாவித் துண்டுகள், உளியின் பிடி, பேனாவின் உடல், ஒரு மரத்தைக் குழித்து அதில் வேறு மரத்தைப் பதிக்கும் பதிப்பு வேலை. முழு மேசையையோ நாற்காலியையோ அரிய மரத்தில் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் படி: கடைப் பெயரை விட்டுத் தாவரவியல் பெயரைப் பிடியுங்கள்

சட்டங்கள் மரங்களைத் தாவரவியல் பெயரால்தான் அடையாளம் காண்கின்றன. மரவாடியில் வழங்கும் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ரோஸ்வுட் என்ற பெயரில் விற்கப்படுவது இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் வளரும் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியாவாக, அதாவது நம் ஈட்டியாக இருக்கலாம், பிரேசிலின் டால்பெர்ஜியா நைக்ராவாக இருக்கலாம், அல்லது டால்பெர்ஜியா பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் அந்தக் குழுவுக்கு, தொடர்பே இல்லாத வேறொரு செந்நிற மரமாகவும் இருக்கலாம். இவற்றின் சட்ட நிலைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. மகோகனியும் அப்படித்தான்: அமெரிக்கக் கண்டத்தின் ஸ்வீட்டீனியாவும் ஆப்பிரிக்காவின் காயாவும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கருங்காலி என்ற பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் கடைக்கு வருகின்றன.

விற்பவரிடம் தாவரவியல் பெயரைக் கேட்டு, அதை விலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் அரிய மரம் வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

அவர் சொல்வதை ஓரளவு நீங்களே சரிபார்க்கவும் முடியும். இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சும், புதிதாகச் சவரக் கத்தியால் சீவிய ஒரு வெட்டுமுனையும் (நாருக்குக் குறுக்கே அறுத்த முனை) போதும். பலகையின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்து மரத்தை அடையாளம் காண்பது கடினம்; வெட்டுமுனையில்தான் துளைகளின் அளவும் அடுக்கும், அவற்றைச் சுற்றியுள்ள வெளிர் நிறத் திசுவின் அமைப்பும், கதிர்கள் எனப்படும், குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகளும் தெரியும். ரம்பம் போன தடத்தில் இவை எல்லாம் கிழிந்து மங்கியிருக்கும் என்பதால், கூரிய கத்தியால் ஒரு சிறு சதுரத்தை வழவழவென்று சீவி, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவிவிட்டு லென்சின் வழியாகப் பார்க்க வேண்டும். ஸ்வீட்டீனியாவில் வளர்ச்சி வளையத்தின் எல்லையில் மெல்லிய வெளிர் நிறக் கோடு ஓடும். காயாவில் அது பொதுவாக இருக்காது. டால்பெர்ஜியா மரங்களிலும், வேங்கை, செம்மரம் ஆகியவற்றின் பேரினமான டெரோகார்பஸ் மரங்களிலும், பலகையின் வளையத்துக்கு இணையான முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், நுண்ணிய அலைகளைப் போன்ற வரிசைகள் தென்படும். டெரோகார்பஸ் பேரினத்தின் சில மரங்களின் சீவலைத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீர் நீலமாக ஒளிரும்.

ஆனால் இந்தச் சோதனைகளால் பேரினம் வரைதான் போக முடியும். டால்பெர்ஜியா நைக்ராவையும் லாட்டிஃபோலியாவையும் லென்சால் மட்டும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் காகிதம் வேண்டும் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

மூன்றாம் படி: சைட்டிஸ் பட்டியலில் தேடுங்கள்

அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தத்தைச் சைட்டிஸ் என்ற பெயரால் அழைக்கிறார்கள். 1973ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. இதில் மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் உள்ள இனத்தை நாடுகளுக்கு இடையே வணிக நோக்கில் வாங்கவோ விற்கவோ பொதுவாக முடியாது. இரண்டாம் பட்டியலில் உள்ளதை வாங்கலாம், விற்கலாம். ஆனால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் உரிமம் வேண்டும். மூன்றாம் பட்டியல், தன் எல்லைக்குள் உள்ள ஓர் இனத்தைக் காக்க ஒரு நாடு மற்ற நாடுகளின் உதவியைக் கோரிச் சேர்ப்பது.

பொழுதுபோக்குத் தச்சர் அடிக்கடி சந்திக்கும் பெயர்கள் சில. பிரேசிலின் டால்பெர்ஜியா நைக்ரா 1992இலிருந்து முதல் பட்டியலில் உள்ளது. ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினத்தின் மற்ற எல்லா இனங்களும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஓரினத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் கடத்துபவர்கள் அதை வேறோர் இனத்தின் பெயரில் அனுப்பிவிடுகிறார்கள், அறுத்த பலகையைப் பார்த்துச் சுங்க அலுவலரால் பிரித்தறியவும் முடிவதில்லை என்பது பேரினம் முழுவதையும் சேர்த்ததற்கு முக்கியக் காரணம். புபிங்கா என்ற பெயரில் வரும் கிபூர்ஷியா மரங்களில் மூன்று இனங்களும் அதே நாளில் சேர்ந்தன. செம்மரம் 1995 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இயற்கையாக அது கிழக்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வளர்கிறது. மடகாஸ்கரின் கருங்காலி இனங்கள் 2013இல் சேர்க்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் காயா, அஃப்சீலியா, டெரோகார்பஸ் மரங்கள் 2023 பிப்ரவரி முதலும், வெளிப்புறத் தளங்களுக்குப் பெயர்பெற்ற தென்னமெரிக்காவின் ஈப்பே, குமாரு மரங்கள் 2024 நவம்பர் முதலும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உறுப்பு நாடுகளின் மாநாடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிப் பட்டியலை மாற்றுகிறது என்பதால், சென்ற முறை வாங்கியபோது பார்த்த நிலையை நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டும். ஸ்பீஷீஸ் பிளஸ் என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் தாவரவியல் பெயரை இட்டால், அந்த இனம் எந்தப் பட்டியலில் உள்ளது, எந்த நாளிலிருந்து உள்ளது என்ற விவரம் கிடைக்கும்.

பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு நின்றுவிட வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பு எண்ணையும் படியுங்கள். சட்டத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. மகோகனியின் பெரிய இலை இனமான ஸ்வீட்டீனியா மேக்ரோஃபில்லாவுக்கு 2003 முதல் இரண்டாம் பட்டியலில் இடம் உண்டு, ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்தில் வளரும் மரங்களுக்கு மட்டும் பொருந்தும். அதே இனம் ஆசியாவிலோ ஃபிஜித் தீவிலோ தோட்டப் பயிராக நட்டு வளர்க்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டுப்பாடு அதன் மேல் வராது. ஒரே இனம், ஒரே நிறம், ஒரே நார். வளர்ந்த நாடு மட்டும் வேறு. மேலும் அந்தப் பட்டியலிடல் அடிமரம், அறுத்த பலகை, வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகடு, பிளைவுட் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. செய்து முடித்த பெட்டிக்கு அல்ல.

டால்பெர்ஜியாவுக்கும் புபிங்காவுக்கும் உரிய குறிப்பு எண் 15. அது 2019 நவம்பர் 26 முதல் திருத்திய வடிவில் நடைமுறையில் உள்ளது. அதன்படி, செய்து முடித்த பொருள்களில் உள்ள பட்டியலிட்ட மரத்தின் எடை ஓர் அனுப்பீட்டுக்கு 10 கிலோவுக்கு மேற்படாவிட்டால் உரிமம் வேண்டியதில்லை. முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடித்த பாகங்களுக்கும் விலக்கு உண்டு. இங்கே புதியவர்கள் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். விலக்கு, செய்து முடித்த பொருளுக்குத்தான். பேனா கடைவதற்காகச் சதுரமாக அறுத்த சிறு கட்டை, எவ்வளவு இலேசானதாக இருந்தாலும், முடித்த பொருள் ஆகாது. அதை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் உரிமம் வேண்டும். முதல் பட்டியலில் உள்ள டால்பெர்ஜியா நைக்ராவுக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலைச் சிலர் சட்டம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது ஓர் இனம் அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற அறிவியல் மதிப்பீடு மட்டுமே. அதில் இடம்பெற்ற மரம் வணிகத்தில் கட்டுப்பாடற்றதாகவும் இருக்கலாம். சட்டம் தடுக்காவிட்டாலும் அந்த மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு வாங்குவதா என்று முடிவு செய்வது நம் கடமை என்று நான் கருதுகிறேன்.

நான்காம் படி: நாட்டுச் சட்டங்களைப் பாருங்கள்

சைட்டிஸ் நாடுகளுக்கு இடையிலான வணிகத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. உள்நாட்டில் மரம் வெட்டுவதும், எடுத்துச் செல்வதும், வைத்திருப்பதும், விற்பதும் அந்தந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டவை. சொந்த நிலத்தில் வளர்ந்த மரமாக இருந்தாலும், குறிப்பிட்ட இனங்களை வெட்ட வனத்துறையின் அனுமதியும், வெட்டிய கட்டையை வண்டியில் ஏற்ற போக்குவரத்துச் சீட்டும் கேட்கும் நாடுகள் பல. புயலில் தானாகச் சாய்ந்த மரத்துக்கும் இது பொருந்தலாம். உறவினரின் தோட்டத்தில் விழுந்த சந்தன மரத்திலிருந்து ஒரு கிளையைக் காரில் போட்டுக்கொண்டு வருவது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். சீட்டு இல்லாவிட்டால் அது குற்றமாகிவிடும். வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

இறக்குமதி செய்யும் நாடுகளிலும் தனிச் சட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் 2008இல் திருத்தப்பட்டு, வேறொரு நாட்டின் சட்டத்தை மீறி வெட்டிய மரத்தை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மர ஒழுங்குமுறை 2013 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியா 2012இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இவற்றின் பொதுவான கருத்து, மரம் கிளம்பிய நாட்டின் சட்டம் மதிக்கப்பட்டதா என்று வாங்குபவரும் கவனித்தாக வேண்டும் என்பதே. மடகாஸ்கரிலிருந்து வந்த கருங்காலி தொடர்பான வழக்கில் கிப்சன் கிட்டார் நிறுவனம் 2012இல் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்து 3,00,000 டாலர் தண்டத் தொகை செலுத்த ஒப்புக்கொண்டது. தனிநபர் பொழுதுபோக்காளரை அந்த அளவுக்கு யாரும் துரத்த மாட்டார்கள் என்றாலும், அறியாமல் வாங்கியவரிடமிருந்தும் அமெரிக்கச் சட்டப்படி மரத்தைப் பறிமுதல் செய்ய இயலும்.

சைட்டிஸ் பட்டியலில் இல்லாத மரத்திலும் கவனம் வேண்டும் என்பதற்குத் தேக்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நான்கு நாடுகளின் காடுகளில் மட்டுமே தேக்கு இயற்கையாக வளர்கிறது. மியான்மரில் மர விற்பனையைக் கையில் வைத்திருக்கும் அரசு நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021இல் பொருளாதாரத் தடை விதித்தன. ஆகவே தேக்கைப் பொறுத்தவரை இனத்தின் பெயரைவிட அது வந்த நாட்டைக் கேட்பதே முக்கியம். தோட்டத் தேக்கு பல நாடுகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சிறு வேலைகளுக்கு அது முற்றிலும் போதும்.

ஐந்தாம் படி: விற்பவரிடம் கேளுங்கள்

தாவரவியல் பெயர், விளைந்த நாடு, காட்டு மரமா தோட்ட மரமா என்ற விவரம், இறக்குமதியானது என்றால் உரிமத்தின் எண், இவை நான்கும் விலைச் சீட்டிலோ அதனுடன் இணைத்த கடிதத்திலோ இருக்க வேண்டும். மொத்த வணிகர் ஒரு கொள்கலன் மரத்துக்கு ஒரே உரிமம் பெற்றிருப்பார். நமக்குக் கிடைப்பது அதிலிருந்து அறுத்த ஒரு துண்டுதான். ஆகவே உரிமத்தின் நகலை எல்லோராலும் தர முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். எண்ணைக் குறித்துத் தர முடியாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. காட்டைப் பொறுப்புடன் பராமரித்து எடுத்த மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. (FSC) போன்ற சான்று முத்திரை நல்ல அறிகுறிதான். ஆனால் அது சைட்டிஸ் உரிமத்துக்கு மாற்று அல்ல.

சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு ரொக்கத்துக்கு மட்டும் கிடைக்கும் ஈட்டியோ செம்மரமோ எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டையை வாங்காமல் திரும்புவதில் எந்த இழப்பும் இல்லை.

ஆறாம் படி: பழைய மரத்தையும் ஆராயுங்கள்

இடித்த வீட்டின் உத்தரம், உடைந்த அலமாரி, பாட்டி காலத்துக் கட்டிலின் கால் ஆகியவற்றிலிருந்து மரம் எடுப்பது மிகச் சிறந்த வழி. புதிதாக எந்த மரமும் வெட்டப்படுவதில்லை, பல ஆண்டுகள் உலர்ந்த மரம் என்பதால் அசைவும் குறைவு. இதற்கும் சான்று வேண்டும். பழையது போன்ற தோற்றம் சான்றாகாது. மரத்தைச் சாயமும் சேறும் பூசிப் பழையதாக்கிவிட முடியும். எனவே அறுப்பதற்கு முன் அந்த அலமாரியை முழு உருவத்துடன் நான்கு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய சீட்டையோ, கொடுத்தவர் எழுதித் தந்த நான்கு வரிக் கடிதத்தையோ படத்துடன் சேர்த்து வையுங்கள். ஓர் இனம் பட்டியலில் சேர்வதற்கு முன்பே பெறப்பட்ட மரத்துக்கு ஒப்பந்தத்துக்கு முற்பட்டது என்ற சான்றிதழை வழங்கச் சைட்டிஸில் இடம் உண்டு. அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில் இந்தப் படங்களும் கடிதமும்தான் கைகொடுக்கும்.

பேலட் எனப்படும் சரக்குப் பலகைத் தட்டுகளைப் பிரித்து மரம் எடுப்பவர்கள் அதில் சூடிட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. (HT) என்ற குறி இருந்தால், மரத்தின் உள்பகுதி 30 நிமிடங்களுக்குக் குறைந்தது 56 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை இடப்பட்டது. அதைத் தொட வேண்டாம். தட்டுகள் பெரும்பாலும் ஏதேனும் நிறுவனத்தின் உடைமையாக இருக்கும் என்பதால், உரியவரைக் கேட்காமல் எடுப்பதும் தவறு.

ஏழாம் படி: துண்டுகளுக்கு எண் இடுங்கள்

ஒரு குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒரு பலகை என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாவரவியல் பெயர், நாடு, விற்றவர், சீட்டு எண், நாள், எடை ஆகியவற்றை அதில் எழுதி, வெட்டுமுனையின் படத்தை ஒட்டுங்கள். பலகையின் ஒரு முனையில் அதே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். கருமையான மரத்தில் பென்சில் தெரியாது. வெள்ளைப் பென்சில் அல்லது ஒட்டுத்தாள் பயன்படும். பலகையை இரண்டாக அறுக்கப் போகும்போது, ரம்பத்தை வைப்பதற்கு முன், எண் இல்லாத பாதியிலும் எண்ணை எழுதிவிடுங்கள். அறுத்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மாலைக்குள் மேசை மேல் பெயரற்ற ஆறு துண்டுகள் கிடக்கும். விரல் அளவுத் துண்டுகளைத் தனித்தனி உறைகளில் போட்டு உறையின் மேல் எண்ணிட்டால் போதும். பெட்டி முடிந்ததும் அடிப்பலகையின் உள்பக்கத்தில் மரத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

எட்டாம் படி: வீணாக்காமல் அறுங்கள்

3 மி.மீ. தடம் விடும் வட்ட ரம்பத்தில் 6 மி.மீ. கனமுள்ள தகடுகளை அறுத்தால், ஒவ்வொரு 9 மி.மீட்டரிலும் மூன்று மில்லிமீட்டர் தூளாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு மரம் தரையில். மெல்லிய அலகு கொண்ட கைரம்பத்தில் இந்த இழப்பு மிகவும் குறையும். கத்தியால் சீவி எடுக்கும் வெனீரில் தூளே விழாது. அறுக்கும் வரிசையைக் காகிதத்தில் வரைந்து, அதே அளவில் சாதாரண மரத்தில் ஒருமுறை முழுவதும் செய்து பார்த்த பிறகு அரிய மரத்தைத் தொடுங்கள்.

ஈட்டி, கொக்கோபோலோ போன்ற டால்பெர்ஜியா மரங்களில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால் பிசின் சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த உடனே பிசின் தடவி இறுக்க வேண்டும். ஆளி எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் இந்த மரங்களின் மேல் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். முதலில் அரக்கு மெருகை ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இருக்காது. கருங்காலி உலரும்போது வெடிக்கும் இயல்புடையது. அதன் இரு முனைகளையும் மெழுகால் மூடி, பட்டறையின் சூழலுக்குப் பழகும் வரை காத்திருங்கள்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மரத்தூள் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதோடு டால்பெர்ஜியா மரங்களின் தூள் பலருக்குத் தோல் தடிப்பையும் மூச்சிரைப்பையும் வரவழைக்கும். முதல் முறை ஒன்றும் செய்யாமல் பின்னால் திடீரென்று ஒவ்வாமை தொடங்குவதும் உண்டு. நுண்தூளைத் தடுக்கும் முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போட வேண்டாம்.

மாற்று மரங்கள்

கருங்காலியின் கருமைக்காக மட்டும் அதைத் தேடுபவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வினிகரில் இரும்புக் கம்பி நூலைப் போட்டு, மூடியை இறுக்காமல் சில நாட்கள் வைத்து, வடிகட்டி எடுத்த நீரைத் துவர்ப்புச் சத்து மிகுந்த ஓக், கருவேலம் போன்ற மரத்தின் மேல் தூரிகையால் பூசினால், இரும்பும் துவர்ப்பும் வினைபுரிந்து மரம் கண்ணெதிரே சாம்பலாகி, பின் கருப்பாகும். துவர்ப்பு இல்லாத மரத்தில் முதலில் கெட்டியான தேயிலைச் சாற்றைப் பூசி உலரவிட்டுப் பிறகு இதைப் பூசலாம். நிறம் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் என்பதால் இழைத்து, உப்புத்தாள் போட்டு முடித்த பிறகே பூச வேண்டும். மூடியுள்ள கலத்தை நெருப்புக்கு அருகில் வைக்கக் கூடாது; உள்ளே ஹைட்ரஜன் வெளிப்படும்.

எடையும் கடினமும் வேண்டும் என்றால் புளிய மரத்தின் வைரம், அதாவது தண்டின் உள்ளே உள்ள கடினமான பகுதி, இருக்கிறது. செம்பழுப்பு வேண்டும் என்றால் தோட்டத்தில் வளர்த்த மகோகனி, தோட்டத் தேக்கு. பழத்தோட்டங்களில் விளைச்சல் ஓய்ந்து வெட்டப்படும் பலாவும் மாவும் கடைசலுக்கு அருமையானவை. பலாவின் மஞ்சள் வைரம் நாளாக நாளாகத் தேன் நிறத்துக்கு மாறும்.

ஒன்பதாம் படி: கைமாறும்போது

செய்த பொருளை உள்நாட்டில் நண்பருக்குக் கொடுப்பதாக இருந்தால், குறிப்பேட்டில் அந்த மரத்துக்கு உரிய பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். விற்பதாக இருந்தால் கட்டுப்பாடு கூடும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்க அனுமதிக்கும் நாடு விற்பனைக்கு உரிமம் கேட்கலாம்.

எல்லை தாண்டும் பொருளுக்கு, அனுப்பும் நாட்டின் விதியும் பெறும் நாட்டின் விதியும் தனித்தனியே பொருந்தும். சைட்டிஸ் விலக்கு அளித்த பொருளையும் ஒரு நாடு தன் சட்டத்தால் தடுக்கலாம். தபாலில் போடுவதற்கு முன் பெறும் நாட்டின் சைட்டிஸ் அலுவலகத்துக்கு, இனத்தின் தாவரவியல் பெயரையும் எடையையும் படத்தையும் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள். பட்டை ஒட்டியுள்ள மரத்துக்கும் பதப்படுத்தாத மரத்துக்கும் பூச்சி, நோய் இல்லை என்ற தாவர நலச் சான்றைப் பல நாடுகள் கேட்கும். பட்டியலிட்ட மரத்தால் ஆன இசைக்கருவியுடன் அடிக்கடி பயணம் செய்பவருக்கு மூன்று ஆண்டுகள் வரை செல்லும் இசைக்கருவிச் சான்றிதழ் உண்டு. முதல் பட்டியல் மரத்தில் செய்த பழைய கருவியை வைத்திருப்பவர் அது இல்லாமல் விமான நிலையம் போகக் கூடாது.

வரலாறு தெரியாத அரிய மரத்துண்டு ஏற்கனவே உங்கள் பட்டறையில் இருந்தால், அதை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முயல வேண்டாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று நினைவில் உள்ளதை நாளிட்டு எழுதி, படத்துடன் குறிப்பேட்டில் சேர்த்து, வனத்துறையிடம் அந்த இனத்துக்கு உள்நாட்டில் பதிவு தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்ற பதில் எழுத்தில் வந்த பிறகு அதில் உங்கள் வீட்டுக்கென ஒரு கைப்பிடியோ உளிப்பிடியோ செய்துகொள்ளலாம்.